சசுக்கேக்கு இடது கை இல்லை, எங்கள் அண்ணாவுக்கும் இல்லை. மருமகனுக்கு என்ன சொல்வது?

வாய்க்கால்கரை (முல்லைத்தீவு)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுமையாக வாசியுங்கள்.

அண்ணாவின் மகனுக்கு 11 வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்ட கையோடு என் போனை வாங்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விடுவான், அங்கேதான் சிக்னல் ஒழுங்காக இழுக்கும். பார்ப்பது முழுக்க நருட்டோ என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். அண்ணாவுக்கு இடது கை முழங்கைக்கு மேலே இல்லை. 2009 மாசியில் போரில் செல் துண்டு பட்டது, காப்பாற்ற வழியில்லாமல் எடுத்துவிட்டார்கள். மருமகன் பிறந்தது அதற்குப் பல வருடம் கழித்து. தகப்பனை இரண்டு கையோடு அவன் படத்தில்கூடக் கண்டதில்லை, இருந்த படங்கள் எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டன.

போன கிழமை அந்தத் தொடரைப் பார்த்து முடித்தான். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், கடைசிச் சண்டையில் நாயகன் நருட்டோவுக்கு வலது கையும் அவனோடு மோதுகிற கூட்டாளி சசுக்கேக்கு இடது கையும் போய்விடும். நருட்டோவுக்குப் புதுக் கை செய்து பொருத்துவார்கள். சசுக்கே ஒற்றைக் கையோடேயே திரிவான், ஆனாலும் அவனோடு மோதி நிற்க அந்த உலகத்தில் ஒன்றிரண்டு பேர்தான். மருமகன் மாமரத்தடியில் இருந்து ஓடிவந்து, “அப்பா! சசுக்கேக்கும் உங்களுக்கும் ஒரே கைதான் இல்லை!” என்றான். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். அடுத்த நாள் பள்ளிக்கூடத்திலும் போய்ச் சொல்லியிருக்கிறான். அண்ணாவும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பிறகு அவன், “உங்களுக்கு என்னப்பா சக்தி வந்தது?” என்று கேட்டான்.

அண்ணா பதில் சொல்லவில்லை. எழும்பிப் போய் மாட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டினார். அன்றிரவு சாப்பாட்டுக்கும் பிந்தித்தான் வந்தார்.

எனக்கு அன்றிலிருந்து இதே யோசனை. அண்ணா ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டுவார், தேங்காயைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு உரிப்பார், கிணற்றில் தண்ணீர்கூட அள்ளுவார், கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு. அதெல்லாம் சக்தி இல்லை, இத்தனை வருடம் செய்து செய்து வந்த பழக்கம். சேர்ட்டில் கைப்பொத்தானை அண்ணிதான் பூட்டிவிட வேண்டும். லாண்ட்மாஸ்டரை (இரண்டு சில்லு உழவு மெசினை) ஒற்றைக் கையால் பிடித்து உழ முடியவில்லை என்று வயலைக் குத்தகைக்குக் கொடுத்தார், அந்தக் கவலை இன்றைக்கும் போகவில்லை. ஒரு இடத்தில் கொடுத்த செயற்கைக் கை அலுமாரிக்குள் கிடக்கிறது. தோல் நிறம், அசையாத விரல், வெயிலில் போட்டால் உள்ளே வியர்த்து ஊறும். இரண்டு கலியாணத்துக்குப் போட்டார், அவ்வளவுதான்.

என் கேள்வி இதுதான். இந்தக் கற்பனைத் தொடர்களிலும் கார்ட்டூன்களிலும் கையோ காலோ கண்ணோ போனவருக்கு ஏன் கட்டாயம் ஒரு சக்தி வந்துவிடுகிறது? சக்தி வராவிட்டால் முடிவில் குணமாகிவிடுகிறது. அதுவும் இல்லாவிட்டால் அவர் கெட்டவராக இருக்கிறார். சும்மா ஒரு மனிசனாக, கையில்லாமல், கதையில் ஒரு பங்கோடு இருக்கவே மாட்டார்களா? பிள்ளை இதைப் பார்ப்பது நல்லதா, கூடாதா? வேறு என்ன பார்க்கக் கொடுக்கலாம்? தாங்களே இப்படி இருப்பவர்களும், வீட்டில் ஒருவர் இப்படி இருப்பவர்களும் எழுதினால் நன்றாக இருக்கும்.


புள்ளிஎழுத்து (வவுனியா)

அக்கா, நான் பிறவியிலேயே கண் தெரியாதவன். உங்கள் பதிவை போன்தான் எனக்கு வாசித்துச் சொன்னது. தொடர்களும் எனக்குக் கேட்கிற சாமான்தான். சின்னனில் ஒன்றுவிட்ட அண்ணா பக்கத்தில் இருந்து, “இப்ப அவள் நிலத்தில உதைக்கிறாள், கல்லு எழும்புது” என்று சொல்லச் சொல்ல நான் கேட்டது அவதார் கார்ட்டூன் தொடர், 2005 முதல் 2008 வரை வந்தது. நீல மனிதர் வரும் படம் இல்லை, காற்று, நீர், மண், நெருப்பை ஆள்பவர்களின் கதை. அதில் இரண்டாம் பாகத்தில் டோஃப் என்று 12 வயதுப் பிள்ளை வருகிறாள். கண் தெரியாது, ஆனால் மண்ணை ஆள்பவர்களில் அவளுக்கு நிகர் இல்லை. நிலத்தின் அதிர்வைப் பாதத்தால் வாங்கி எது எங்கே நிற்கிறது என்று அறிந்துகொள்வாள். அதை அவளுக்குப் பழக்கியவை நிலத்துக்குள் வாழும் கண் தெரியாத பெரிய விலங்குகள்.

நீங்கள் கேட்ட “கட்டாயச் சக்தி”க்கு இவள்தான் பெரிய உதாரணம். அதனால் எனக்கு வந்த தொல்லையையும் சொல்கிறேன். கண் இல்லாவிட்டால் காது கூர்மை என்று பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கூடச் சொல்வார். வீட்டுக்கு வருபவர்கள், சத்தம் போடாமல் முன்னால் வந்து நின்று, யார் என்று சொல்லு பார்ப்போம் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா வந்தால் என்னைப் பாடத்தான் கேட்பார்கள். எனக்குப் பாட்டில் விருப்பமே இல்லை, கணக்குத்தான் விருப்பம். ஆனால் கணக்குப் புத்தகம் புள்ளி எழுத்தில் (விரலால் தொட்டு வாசிக்கிற பிரெயிலில்) கிடைக்காமலே மூன்று வருடம் போனது. பாட்டைக் கேட்ட அத்தனை பேரில் ஒருவரும் அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆனாலும் டோஃப் எனக்குப் பிடித்தவள். ஏனென்றால் எழுதியவர்கள் அவளுடைய சக்திக்கு எல்லை போட்டிருக்கிறார்கள். பாலைவன மணலில் அவளுக்கு எல்லாம் மங்கிவிடும். பறக்கும் எருதில் ஏறினால் ஒன்றும் தெரியாது, இறுகப் பிடித்துக்கொண்டுதான் இருப்பாள். நீந்தத் தெரியாது. ஒரு பகுதியில் அவள் எழுதியதுபோல ஒரு கடிதத்தைக் கூட்டாளிகள் தயாரித்துக் கொடுக்க, அதை வாங்கிய இன்னொரு கூட்டாளி உடனே பிடித்துவிடுகிறாள், டோஃபுக்குத்தான் எழுத வராதே. இன்னொன்று, அவள் நல்ல பிள்ளை இல்லை. துப்புவாள், கால் கழுவமாட்டாள், வாய்க்கு வந்தபடி கதைப்பாள். கண் தெரியாத பிள்ளை என்றால் அமைதியும் பொறுமையுமாக இருக்கவேண்டும் என்று நினைக்கிற ஊரில் வளர்ந்த எனக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று சொல்லத் தெரியவில்லை. அவளுடைய தாய் தகப்பன் பெரிய பணக்காரர்கள், இப்படி ஒரு மகள் இருப்பதையே வெளியே சொல்லாமல் வளர்க்கிறார்கள். அந்தப் பகுதியைக் கேட்டபோது அம்மா அடுப்படியில் நின்றவ. நான் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

குறையும் உண்டு. நிலத்தில் நிற்கும் வரைக்கும் அவளுக்குக் கண் தெரிகிறது என்றே சொல்லலாம். கைத்தடி கிடையாது, யாரிடமும் வழி கேட்கமாட்டாள். நான் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் கேட்கிறேன்.

மருமகனைப் பார்க்கவேண்டாம் என்று மறிக்காதீர்கள். சக்தி எந்த இடத்தில் வேலை செய்யாமல் போகிறது, அப்போது பக்கத்தில் நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனிக்கச் சொல்லுங்கள்.


இரணைமடுக்காற்று (கிளிநொச்சி)

தங்கச்சி, எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மீளக்குடியமர்ந்த வருடம் விறகுக்குப் போன இடத்தில் மிதிவெடி. உங்கள் அண்ணா மாட்டை அவிழ்த்துக் கட்டப் போனது எனக்கு நன்றாக விளங்குகிறது, எனக்கும் பதில் சொல்ல வராத நேரங்களில் செய்ய ஒரு வேலை வேண்டும்.

மருமகனுக்கு நீங்கள் கொடுக்கவேண்டியது ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட், அதிலும் பிரதர்ஹுட் என்று பெயர் போட்டது, 64 பகுதி. ஜப்பானில் அது தொடங்கியது 2009 ஏப்ரலில். அந்த ஏப்ரலில் நாங்கள் எங்கே நின்றோம் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நான் பார்த்தது பத்து வருடம் கழித்து, பொய்க்காலின் சொக்கெட் (தொடையடியில் காலைப் பிடிக்கிற கிண்ணம்) இறுகி நடக்க முடியாமல் வீட்டில் கிடந்த ஒரு மாதத்தில்.

கதை நாயகன் எட்வர்ட். செத்துப்போன தாயை வித்தையால் உயிர்ப்பிக்கப் பார்த்து இடது காலை இழக்கிறான், தம்பியின் உயிரைப் பிடித்துவைக்க வலது கையையும் கொடுக்கிறான். பிறகு இரும்பில் கையும் காலும். மற்றத் தொடராக இருந்தால் அடுத்த காட்சியிலேயே பாய்ந்து சண்டை பிடிப்பான். இதில் நரம்போடு இணைக்கிற சத்திரசிகிச்சையில் பெரிய ஆட்களே கத்துவார்கள், பழகி எழும்ப மூன்று வருடம் வேண்டும் என்று முதலே சொல்லிவிடுகிறார்கள், இவன் ஒரு வருடத்தில் எழும்புவேன் என்று பல்லைக் கடிக்கிறான். அந்தக் கையைக் காலைச் செய்பவள் வின்ரி என்கிற பெட்டை, அவளும் அவளுடைய பாட்டியும். கை உடைந்தால் இவனுடைய வித்தை எல்லாம் நின்றுவிடும், ஏனென்றால் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினால்தான் வேலை நடக்கும். ரயில் ஏறி ஊருக்குப் போய், அவளிடம் ஏச்சு வாங்கி, புதுக் கை வரும் வரைக்கும் காத்திருக்கவேண்டும். வடக்கே பனி விழும் கோட்டைக்குப் போனால் அங்குள்ளவர்கள், இந்த இரும்போடு இந்தக் குளிரில் நின்றால் சதை விறைத்துச் செத்துப்போகும், குளிர் நாட்டுக்கு வேறு இரும்பு வேண்டும் என்கிறார்கள். அந்தக் காட்சியை நான் நிறுத்தி நிறுத்தி மூன்று தரம் பார்த்தேன். இடத்துக்கு ஏற்ற கால் வேண்டும் என்று ஒரு கார்ட்டூனில் சொல்கிறார்கள்!

எங்களுக்கு அது கதை இல்லை. ஜெய்ப்பூர் கால் என்கிற பொய்க்கால் எதற்காக வந்தது என்று நினைக்கிறீர்கள். வெளிநாட்டில் செய்தது சப்பாத்துக்குள் போடவென்று செய்த கால். சப்பாத்தைக் கழற்றினால் குதி உயரம் மாறி நடை பிழைத்துவிடும், குந்தி இருக்க முடியாது, சேற்றுக்குள் இறங்க முடியாது. 1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைக்காரரும் வைத்தியர் பி.கே. சேத்தியும் ரப்பரில் ஒரு பாதம் செய்தார்கள். வெறுங்காலோடு நடக்கலாம், குந்தலாம், தண்ணீரில் நனையலாம். சேத்திக்கு 1981 இல் மகசேசே விருது கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 இல் தொடங்கியது, வன்னியில் எத்தனை பேர் அந்தக் காலோடு நடக்கிறோம். நான் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மற்றவர்களோடு வெறுங்காலோடு மணலில் நடந்து போகிறேன் என்றால் யாரோ ஒருவர் எங்களுடைய நடையை யோசித்துச் செய்ததால்தான். நான் பார்த்த எந்தக் கற்பனைத் தொடரிலும் பொய்க்காலோடு ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போனதில்லை. குந்தி இருந்து சோறு தின்றதும் இல்லை.

டிராகனைப் பழக்குகிற பெடியன் ஹிக்கப்பின் படமும் (2010) பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பிறகு தொடராகவும் வந்தது. முடிவில் அவனுடைய இடது கால் போய்விடும். கண் விழிக்கிறான், கட்டிலால் காலை இறக்குகிறான், ஒன்று இரும்பு, டிராகன் தோள் கொடுக்க இரண்டு மூன்று அடி வைக்கிறான், கதவைத் திறந்தால் ஊரே நிற்கிறது, பிறகு பறக்கிறான். எனக்கு அந்த இரண்டு மூன்று அடி எட்டு மாதம். ஆனாலும் ஒன்று உண்மை. அந்த டிராகனின் வாலில் ஒரு பக்கச் செட்டை போனது இவனால்தான், அதற்குச் செட்டை செய்து கொடுத்ததும் இவன்தான். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் இரண்டும் பறக்கின்றன. அந்த இடத்தில் எனக்கு ஒரு குறையும் சொல்ல வரவில்லை.

எட்வர்டின் முடிவைச் சொல்லிவிடுகிறேன், மருமகனிடம் சொல்லாதீர்கள். கை திரும்பி வந்துவிடும், கால் கடைசி வரைக்கும் இரும்புதான். அந்தக் காலோடேயே கலியாணம் கட்டிப் பிள்ளைகளும் வருகிறார்கள்.


ஏ9ஓரம் (மாங்குளம் பக்கம்)

எல்லோரும் உண்மையைக் காட்டவேண்டும் என்று எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் மாறிச் சொல்லப்போகிறேன்.

என் தம்பிக்கு முள்ளந்தண்டில் காயம், இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. படுக்கைப் புண் வந்தால் அது ஆறும் வரைக்கும் குப்புறத்தான் கிடக்கவேண்டும், ஒருமுறை நாலு மாதம் அப்படிக் கிடந்தான். கட்டில் தலைமாட்டில் போனைச் சாய்த்துவைத்து அவன் பார்த்தது மேலே தம்பி எழுதிய அதே அவதார். டோஃப் வருவதற்கு முன்னால் முதலாம் பாகத்தில் வடக்கு மலைக்கோயில் ஒன்று வரும். அங்கே தியோ என்று ஒரு பெடியன், சில்லு நாற்காலியில் இருப்பவன், அந்த நாற்காலிக்கே செட்டை பூட்டி மலையால் பாய்ந்து பறப்பான். தம்பி அந்த ஒரு பகுதியை எத்தனை தரம் பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. டேட்டா முடிந்தால் என்னைக் கடைக்கு அனுப்புவான். புண்ணை மருந்து கட்டுகிற நேரத்திலும் அதுதான் ஓடும்.

அவனுக்குப் புண்ணைக் காட்டுகிற கார்ட்டூன் தேவையில்லை. சலப்பையை (மூத்திரப் பையை)க் காட்டுகிற கார்ட்டூன் தேவையில்லை. அதெல்லாம் வீட்டில் இருக்கிறது. அவனுக்கு அந்த இருபது நிமிசம் மேலே இருந்து நிலத்தைப் பார்க்கவேண்டும். அதைப் பிழை என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் அதே பகுதியில் நான் கவனித்தது வேறு. அந்தச் சனம் வெள்ளத்தில் ஊர் அழிந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். அந்த வெள்ளத்தில்தான் தியோவுக்குக் காயம், தாயும் போய்விட்டாள். தகப்பன் எந்திரக்காரன், பாழாய்க் கிடந்த கோயிலைத் தங்கள் சனம் வாழ்வதற்கு ஏற்றபடி உடைத்துக் கட்டுகிறான். கதை நாயகன் ஆங் வந்து பார்த்துவிட்டு, என் மூதாதையர் கட்டியதை இடிக்கிறீர்களே என்று கொதிக்கிறான். அவனுடைய கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெடியன் நாற்காலியோடு அந்த இடம் முழுக்கத் தன்பாட்டில் சுற்றித் திரிகிறான், யாரும் தூக்குவதில்லை. எங்கள் பக்கம் ஒரு கோயிலில் வாசலில் சாய்தளம் வைப்போம் என்று கேட்டோம். பழைய படியை உடைக்கக்கூடாது என்றார்கள். தம்பி தேர் பார்ப்பது வீதியில் நின்றுதான். பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் வேண்டும் என்று 2006 இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது, ஒரு அலுவலகத்தில் கட்டியும் இருக்கிறார்கள். சாய்தளம் முடிகிற இடத்தில் திறந்த வடிகான். அந்த வடிகானைப் பார்த்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து தம்பி திரும்பவும் தியோவைப் போட்டான்.


மல்லாவிக்காரி

எனக்கு ஒரு தங்கச்சி, காது கேளாது. சைகையில்தான் கதைப்பாள். வீட்டில் அவளோடு முழுதாகக் கதைக்கத் தெரிந்தது நான் மட்டும், ஆகையால் சின்னனில் இருந்தே கடைக்காரர், டொக்டர், ஐயர், எல்லோருக்கும் நடுவில் நான்தான்.

த டிராகன் பிரின்ஸ் என்று 2018 இல் நெட்பிளிக்ஸில் வந்த கார்ட்டூன் தொடர். அதில் அமாயா என்று ஒரு படைத் தளபதி, காது கேளாதவள். அமெரிக்கச் சைகை மொழியில் கதைப்பாள், பக்கத்தில் கிரென் என்று ஒருவன் நின்று குரலில் சொல்வான். தங்கச்சிக்கு அந்தச் சைகை விளங்காது, அது வேறு மொழிதானே. ஆனாலும் அவள் திரைக்குக் கிட்டப் போய் நின்றுவிட்டாள். கையால் ஒருத்தி கட்டளை போடுகிறாள், கோபப்படுகிறாள், நக்கல் அடிக்கிறாள், நாலு பேர் எழும்பி ஓடுகிறார்கள். பரிதாபமாகப் பார்க்க ஒரு ஆள்கூட இல்லை.

ஒரு காட்சியில் செத்துப்போன சகோதரியின் சிலைக்கு முன்னால் அமாயா தனியாக நின்று சைகையில் கதைப்பாள். கீழே எழுத்து வராது, கிரெனும் இல்லை. காது கேட்கிற எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சைகை தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று அதை விட்டிருக்கிறார்கள். அந்த ஒரு நிமிசம் தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் அவள் வெளியே நிற்கிற இடத்தில் அன்றைக்கு நான் நின்றேன்.

எனக்கு உள்ள குறை கிரென் பற்றியது. அவனுக்கென்று ஆசை, களைப்பு, சலிப்பு ஒன்றும் இல்லாதவன்போல நிற்கிறான். நடுவில் நின்று கதை கடத்துகிற ஆளுக்குத் தன் கதையைச் சொல்ல நேரம் வராது, அது எனக்குத் தெரியும். ஆனால் பிறகு வருகிற பாகங்களில் அமாயாவை விரும்புகிற ஜனாய் தானே சைகை பழகிக் கதைக்கிறாள். அதைக் கண்டபிறகு நான் செய்த முதல் வேலை, எனக்கு மாப்பிள்ளையாகப் பேசி வைத்திருந்தவரிடம், கலியாணத்துக்கு முன்னால் தங்கச்சியோடு கதைக்கப் பழகவேண்டும் என்று சொன்னது. பழகுகிறார். மெதுவாகத்தான்.


பழையவாத்தியார் (நெடுங்கேணி)

பிள்ளைகளே, நீங்கள் சொல்லும் தொடர்களில் ஒன்றிரண்டுதான் எனக்குத் தெரியும். ஆனால் சக்தி, தண்டனை, சூழ்ச்சி, குணமாதல் என்று நீங்கள் அடுக்குகிற எல்லாம் எங்கள் பழைய கதைகளிலும் கூத்திலும் இருந்தவைதான். கூனி மேடைக்கு வந்தால் சனம் சிரிக்கும். நானும் சின்ன வயதில் சிரித்தேன். பிறகு படிப்பிக்கப் போன இடத்தில்தான் கம்பரைக் கவனித்து வாசித்தேன். சிறு வயதில் இராமன் வில்லால் எறிந்த மண்ணுருண்டை தன்மேல் பட்டதை அவள் மனதுக்குள் வைத்திருந்தாள் என்று ஒரு இடத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஒரு வரியால் கூனி எனக்கு மனிசியானாள். அடிபட்டவள், மறக்காதவள். மேடையில் அந்த வரியை யாரும் ஆடிக் காட்டி நான் கண்டதில்லை.

திருதராட்டிரனுக்குக் கண் தெரியாது என்பதால் முடி தம்பி பாண்டுவுக்குப் போகிறது. என் மகள் பார்த்த கேம் ஒஃப் த்ரோன்ஸ் தொடரில் சிறு வயதில் கோபுரத்தால் விழுந்து நடக்க முடியாமற்போன பிரான் 2019 இல் வந்த கடைசிப் பகுதியில் அரசனாகிறான். முன்னேற்றம் என்று மகள் சொன்னாள். ஓம், ஆனால் அவனையும் முக்காலமும் காண்கிறவனாக ஆக்கிய பிறகுதான் கதிரை கொடுத்தார்கள். வெறும் பிரானுக்குக் கொடுக்கவில்லை.

எங்கள் மன்னார்த் திருக்கேதீச்சரத்தைப் பாடிய சுந்தரருக்கும் கண் போனது, மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியதற்குத் தண்டனையாக. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மற்றக் கண். பள்ளிக்கூடத்தில் நான் இதை அருள் என்று படிப்பித்தேன். ஒரு நாள் வகுப்பில் பார்வை குறைந்த ஒரு பிள்ளை எழும்பி, “அப்ப நான் என்ன சத்தியத்தை மீறினேன் சேர்?” என்று கேட்டது. அதற்குப் பிறகு நான் அந்தக் கதையில் ஊன்றுகோல் கிடைத்த இடத்தில் கூட நேரம் நிற்கத் தொடங்கினேன். கோலோடு நடந்துகொண்டே அவர் இறைவனோடு பிணங்கிச் சண்டை பிடித்துப் பாடுகிறார், கெஞ்சிக்கொண்டு மட்டும் போகவில்லை. பிள்ளைகளுக்குச் சண்டை பிடிக்கிற சுந்தரரைப் பிடிக்கும்.


வெள்ளைக்கொக்கு (புதுக்குடியிருப்பு)

சுருக்கமாக. எனக்கு வலது கையில் மூன்று விரல் இல்லை. வயலட் எவர்கார்டன் என்று 13 பகுதித் தொடர், 2018. சிறு வயதிலேயே போருக்குள் ஆயுதம்போலப் பாவிக்கப்பட்ட பெட்டை, போரில் இரண்டு கையும் போய், இரும்புக் கையோடு மற்றவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிற வேலைக்கு வருகிறாள். எங்கள் ஊரில் இந்தக் கதைக்கு விளக்கம் தேவையில்லை. கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றுவாள், இரும்பு விரலைக் கண்டு எதிரே இருப்பவர் முகம் மாறும், அவள் தட்டெழுத்தைத் தொடங்குவாள். முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டே ஆறு வருடம் சந்தைக்குப் போனவள் நான், அந்தக் கையுறை எனக்குத் தெரியும். குறை என்னவென்றால் அந்தக் கை சண்டித்தனம் பண்ணுவதே குறைவு, மார்கழிக் குளிரில் என் கை உளைகிற உளைவு அவளுக்கு இல்லை. 11 வயதுக்கு வேண்டாம் அக்கா, போர்க் காட்சிகள் இருக்கின்றன. நீங்களும் அண்ணியும் பாருங்கள்.


வாய்க்கால்கரை (முல்லைத்தீவு)

இரண்டு கிழமையாக எழுதவில்லை, மன்னிக்கவேண்டும். எல்லாப் பதில்களையும் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். ஏ9ஓரம், உங்கள் தம்பியைப் பற்றி எழுதியதை அண்ணா தானே போனை வாங்கி வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் திரும்ப இன்னொரு தரம் வாசித்தார்.

எட்வர்ட் தொடரைத் தொடங்கிவிட்டோம். தாயை உயிர்ப்பிக்கப் பார்க்கிற இடம் பிள்ளைக்குப் பயமாக இருக்கும் என்று முதலே சொல்லிவைத்து, நானும் பக்கத்தில் இருந்தேன். இரண்டாம் நாள் அண்ணாவும் வந்து கதிரையைப் போட்டார். வின்ரி இரும்புக் கையைக் கழற்றி மேசையில் வைத்துத் திருத்துகிற காட்சியில் மருமகன், “அப்பாட கையும் அலுமாரிக்க இருக்கு” என்று எழும்பிப் போய் எடுத்துக்கொண்டே வந்துவிட்டான். எனக்கு நெஞ்சு பதறியது. அண்ணா பேசாமல் வாங்கி, பட்டியை இழுத்துப் பார்த்து, அவனுடைய மடியில் வைத்தார். “பாரம்” என்றான். பாரம்தான், அதைத் தோளில் கட்டிக்கொண்டு உச்சி வெயிலில் நின்று பார் என்றார் அண்ணா. பிறகு தானாகவே லாண்ட்மாஸ்டர் கதையைச் சொன்னார், வயலைக் கொடுத்த கதையை. அவனிடம் அதுவரைக்கும் சொன்னதில்லை. சக்தி ஏதும் வரவில்லை என்றும் சொன்னார், குரல் தடக்காமல் சொன்னார்.

அடுத்த நாள் அவன் கொப்பியில் ஒரு படம் கீறினான். சசுக்கேயின் தலைமயிர், சசுக்கேயின் வாள், ஆனால் உடம்பில் அண்ணாவின் கோடு போட்ட சேர்ட், இடது கையை மடித்து ஊசி குத்தியபடி, அண்ணா எப்போதும் விடுவதுபோல. ஏனடா மேலங்கி போடவில்லை என்று கேட்டேன். “சசுக்கே மேலங்கிக்குள்ள கையை மறைச்சு வைச்சிருக்கிறான் மாமி. அப்பா மறைக்கிறதில்லை” என்றான். நான் அந்தத் தொடரை அவனோடு எத்தனை பகுதி பார்த்திருப்பேன், அது என் கண்ணில் படவே இல்லை. அண்ணா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, கை இதைவிடக் கொஞ்சம் கட்டை என்று பென்சிலால் திருத்திக் கொடுத்தார்.

புள்ளிஎழுத்துத் தம்பி, அடுத்ததாக டோஃப். நீங்கள் சொன்னபடி மணலையும் கடிதத்தையும் கவனிக்கச் சொல்லியிருக்கிறேன். இரணைமடுக்காற்று அண்ணா, முடிவை நான் சொல்லவில்லை.

மல்லாவித் தங்கச்சியிடம் ஒரு உதவி. உங்கள் பதிலை வாசித்ததில் இருந்து மருமகனுக்குச் சைகை பழக விருப்பம். “அப்பா” என்று எப்படிச் சொல்வது என்று உங்கள் தங்கச்சியிடம் கேட்டு ஒரு வீடியோ போடமுடியுமா? ஒற்றைக் கையால் செய்யக்கூடியதா என்றும் கேட்கச் சொன்னான்.